அதிலை ரண்டு என்ரை

எலெக்சனோ எண்டு கேக்கிறியள். ஸ்ரேசன் மதிலிலை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிற முகங்களைப் பாத்திட்டுத்தானே? ஓம் தம்பி, எலெக்சன்தான். இந்த நாட்டிலை அது இல்லாத காலம் குறைவு. உங்கடை கோயம்புத்தூர்ப் பக்கம் மைக் பூட்டிக் கத்துவாங்கள், லொறியிலை ஆக்களை ஏத்துவாங்கள். இஞ்சை ஒரு சத்தமும் வராது. போஸ்ற் பெட்டிக்குள்ளை தடிச்ச என்வலப் ஒண்டு வந்து விழும். அதை உடைச்சு, வாசிச்சு, எழுதி, கையெழுத்து வைச்சுத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். வருசத்துக்கு நாலு தரம். நீங்கள் மூண்டு கிழமை மிசின் பூட்ட வந்தனீங்கள், திரும்பிப் போய் 'சுவிஸிலை சனமே சட்டம் போடுது' எண்டு சொல்லுவியள். சொல்லுங்கோ. நானும் இருவது வருசமா அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.

சனம் என்ன செய்யுது எண்டு நான் சொல்லுறன். நான் நகரசபைத் தேர்தலிலை நிண்ட ஆள். பொய்யில்லை. என்ரை படமும் மதிலிலை கிடந்தது.

இஞ்சை நாலு பாசை. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி, பிறகு மலையிலை ஒரு சின்னக் கூட்டம் பேசுற ஒரு பாசை. ஒரே கட்சிக்கு ஒவ்வொரு பாசையிலையும் ஒவ்வொரு பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வோட்டு எண்ணி முடிய ரிவியிலை நாட்டுப் படம் போடுவான். ஓம் எண்டவன் பச்சை, வேண்டாமெண்டவன் சிவப்பு. அநேகமா எங்கை பாசை மாறுதோ அங்கைதான் நிறமும் மாறும். ஜெர்மன்காரன் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிச்சுத் தின்னுவான், றோஸ்டி எண்டு அதுக்குப் பேர். அந்தப் பாசை எல்லைக்கு இவங்கள் வைச்ச பேர் றோஸ்டிக் கிடங்கு. கிடங்கு எண்டால் எங்கடை தமிழிலை பள்ளம். படிச்ச பேராசிரியர்மாரே ரிவியிலை வந்து, 'இந்த முறை கிடங்கு ஆழமா இருக்கு' எண்டு பகிடி இல்லாமல் சொல்லுவினம். லீவைக் கூட்டித் தரட்டோ எண்டு கேட்டதுக்கு வேண்டாமெண்டு வோட்டுப் போட்ட சனம் இது. உலகத்திலை எங்கையாவது கேள்விப்பட்டியளோ?

எங்கடை ஊருக்கு ரண்டு பேர். ஜெர்மன்காரன் வீஸெனாக் எண்டுவான், பிரெஞ்சுக்காரன் வீஸ்னாஷ் எண்டுவான். நடுவிலை ஆறு. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஜெர்மன், அந்தப் பக்கம் பிரெஞ்சு. நான் இந்தப் பக்கம். என்ரை மனுசியின்ரை தம்பி யோகலிங்கம் அந்தப் பக்கம். ரண்டு பேரும் யாழ்ப்பாணத்திலை வேலணை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியாரிட்டை அடி வாங்கினனாங்கள். எண்பத்தெட்டிலை அகதியா வந்து இறங்க, கந்தோரிலை, அதுதான் ஒபிசிலை, ஒருத்தன் பேப்பரைப் பாத்து என்னை ஜெர்மன் பக்கம் அனுப்பினான், யோகலிங்கத்தைப் பிரெஞ்சுப் பக்கம் அனுப்பினான். அவ்வளவுதான். பிறகு வேலைக்கு எண்டு ரண்டு பேரும் இந்த ஊருக்கு வந்தும், அவரவர் பாசைப் பக்கம்தான் வீடெடுத்தது.

இப்ப மச்சானைப் பாக்கவேணும் நீங்கள். எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்குவார். பன்ரண்டு மணிக்குச் சாப்பாடு எண்டால் ஒண்டரைக்கு வருவார். அரசாங்கம் எதைத் தரட்டோ எண்டாலும் 'ஓம், தா' எண்டு வோட்டுப் போடுவார். அந்தக் கந்தோர்க்காரன் மற்றப் பேப்பரைத் தூக்கியிருந்தால் அவரும் ஒழுங்கான மனுசனா வந்திருப்பார். பாசை பிடிச்ச பக்கம் மூளையும் போட்டுது. நான் அப்பிடியில்லை. நான் எதையும் சுயமா யோசிக்கிறனான். பன்ரண்டு எண்டால் அஞ்சு நிமிசத்துக்கு முதலே வாசலிலை நிப்பன். குப்பை எந்தக் கிழமை எந்த நிறப் பையிலை எண்டு என்னட்டைக் கேட்டுத்தான் எங்கடை கட்டிடத்திலை இருக்கிற ஜெர்மன்காரரே வைக்கிறவை. அரசாங்கம் காசைக் கொட்டுற எந்த விசயத்துக்கும் நான் வேண்டாமெண்டுதான் எழுதிறது. அது பாசையாலை வந்ததில்லை, அறிவாலை வந்தது.

ரண்டாயிரத்தஞ்சிலை சுவிஸ் பாஸ்போட் எடுத்த நாளிலையிருந்து ஒரு வோட்டும் நான் தவற விடேல்லை. என்ரை மாத்திரமில்லை. தவத்தின்ரை என்வலப்பையும், தவமலர் எண்டு என்ரை மனுசி, நான்தான் நிரப்புறது. அவ கையெழுத்து வைப்பா. இன்னும் ஏழெட்டுத் தமிழ் வீடுகளிலை 'குணநாயகண்ணை, இதிலை என்ன எழுதிறது?' எண்டு கொண்டுவருவினம். நான் சொல்லிக் குடுப்பன். சட்டப்படி பிழையாம். அறிவைக் குடுக்கிறது என்ன பிழை?

இப்பிடி இருக்கேக்கைதான் எங்கடை கட்சித் தலைவர் ஹெர் கூப்ளர், ஹெர் எண்டால் இவங்களுக்குத் 'திரு', என்னைக் கூப்பிட்டவர். எங்கடை கட்சி வரி குறைக்கிற கட்சி, பேர் உங்களுக்கு வேண்டாம். 'ஹெர் குணா, லிஸ்ற்றிலை ஒரு இடம் கிடக்கு, நிக்கிறீரோ?' எண்டார். முழுப்பேர் அந்த மனுசனுக்கு வாயிலை வராது, அதாலை போஸ்ரரிலையும் 'குணா என்.' எண்டு அடிச்சவர். என்ரை அரசியல் அறிவைக் கண்டிட்டுத்தான் கேட்டவர். யோகலிங்கம் தோளைக் குலுக்கிப்போட்டு, 'அத்தான், அவைக்கு ஒரு கறுத்த முகம் தேவைப்பட்டிருக்கு' எண்டான். பொறாமை.

ஆனால் பொறாமைக்கு அவனுக்கு இடமில்லையெண்டு பிறகுதான் விளங்கினது. அவன்ரை மகள் ஆரணி அந்தப் பக்கத்திலை பிரெஞ்சு லிஸ்ற்றிலை நிக்கிறாள். தொழிலாளர் கட்சி. இருவத்தேழு வயது, நேர்ஸ் வேலை. ஜெர்மன் கதைப்பாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் மூக்காலை வரும். ஒரே குடும்பத்திலை ரண்டு பேர், ரண்டு பாசை, ரண்டு கட்சி. கோயிலிலை சனம் கேட்டுது, 'இப்ப ஆருக்குப் போடுறது?' எண்டு. உதிலை என்ன கேள்வி? அனுபவம் உள்ள ஆளுக்குப் போடுங்கோ எண்டன்.

அந்தப் பிள்ளை ஒரு நோட்டீஸ் அடிச்சாள். பிரெஞ்சிலை, ஜெர்மனிலை, தமிழிலையும். அதிலை பெரிய எழுத்திலை என்ன கிடந்தது தெரியுமோ? ஞாயிற்றுக்கிழமை காலமை ஆறரைக்குப் பஸ் விடவேணுமாம். எங்கடை ஊரிலை ஞாயிறு எட்டு மணிக்குத்தான் முதல் பஸ். நான் விழுந்து விழுந்து சிரிச்சன். கட்சிக் கூட்டத்திலை எழும்பிச் சொன்னன், 'ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு ஊரிலை ஆர் முழிச்சிருக்கிறான்? பூனையை ஏத்தப் போறியளோ?' எண்டு. முழுச் சபையும் கைதட்டினது. ஹெர் கூப்ளர் முதுகிலை தட்டினார். அதையே நான் தமிழிலையும் நோட்டீஸா எழுதினன். எழுதி முடிச்சு, குசினிக்குள்ளை நிண்ட தவத்துக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினன். அவ கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்தவ. முழுக்கக் கேட்டிட்டு, 'தேத்தண்ணி போடட்டோ?' எண்டா. பொம்பிளையளுக்கு அரசியல் ஏறாது எண்டு விட்டிட்டன்.

இனி வோட்டுப் போடுற முறையைச் சொல்லவேணும், இல்லாட்டி உங்களுக்கு விளங்காது. எங்கடை நகரசபைக்கு நாப்பது பேர். ஒவ்வொரு கட்சியும் நாப்பது பேரின்ரை பேரை அச்சடிச்சு ஒவ்வொரு லிஸ்ற் அனுப்பும். பிடிச்ச கட்சியின்ரை லிஸ்ற்றை அப்பிடியே போடலாம். இல்லாட்டி அதிலை ஒரு பேரைப் பேனையாலை வெட்டிப்போட்டு, வேறை கட்சி ஆளின்ரை பேரை எழுதலாம். விரும்பினால் ஒரு ஆளை ரண்டு தரம் எழுதலாம், அந்த ஆளுக்கு ரண்டு வோட்டு. ஆளை வெட்டுறதுக்கு அரசாங்கமே பேனை தாற மாதிரி ஒரு முறை.

அந்தத் தேர்தலிலை நான் பிரசாரத்துக்கு ஓடித்திரிஞ்சதாலை, தவத்தின்ரை என்வலப்பை நான் நிரப்பேல்லை. 'எங்கடை லிஸ்ற்றை அப்பிடியே மடிச்சு வைச்சு அனுப்பிவிடு' எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். 'ஓம்' எண்டா.

செப்ரெம்பர் கடைசி ஞாயிறு எண்ணினவங்கள். ஆரணி வெண்டிட்டாள். பிரெஞ்சுப் பக்கம் முழுக்க அவளுக்கு எழுதியிருக்கு. நானோ? எங்கடை லிஸ்ற்றிலை நாப்பது பேர் தம்பி. நான் நாப்பதாவது. அது பரவாயில்லை, ஆரோ ஒருத்தன் கடைசியா வரத்தானே வேணும். எனக்கு முன்னுக்கு முப்பத்தொன்பதாவதா வந்த மனுசன் தேர்தலுக்கு மூண்டு கிழமைக்கு முதலே செத்துப்போனவர். பேர் அச்சடிச்ச பிறகு செத்ததாலை எடுக்கேல்லை. அந்த மனுசனுக்கு என்னைவிட நூற்றுப்பத்து வோட்டுக் கூட. சிரியுங்கோ, சிரியுங்கோ. ஹெர் கூப்ளரும் சிரிச்சவர்.

இவங்கள் எதையும் கணக்காச் செய்யிற ஆக்கள். எந்த லிஸ்ற்றிலையிருந்து எந்த ஆளுக்கு எத்தினை வோட்டுப் போனதெண்டு பட்டியல் போடுவாங்கள். திங்கட்கிழமை வேலையாலை வந்து கொம்பியூட்டரிலை நான் அதைப் பாத்தன். பாக்கேக்கை ஒரு இடத்திலை கண் நிண்டிட்டுது. எங்கடை கட்சி லிஸ்ற்றிலையிருந்து ஆரணிக்குப் போன வோட்டு: ஒன்பது.

ஒன்பது! வரி குறைக்கிற ஜெர்மன்காரன் எவன், ஒரு தமிழ்ப் பிள்ளையை, அதுவும் பிரெஞ்சு லிஸ்ற்றிலையிருந்து தேடி எழுதுவான்? இது எங்கடை சனம்தான். நான் லிஸ்ற்றைக் கையிலை குடுத்து, மடிக்கிற விதம் காட்டிக் குடுத்த சனம். என்ரை பேரை வெட்டிப்போட்டு அங்கை அவளை எழுதியிருக்குதுகள்.

முதல் சந்தேகம் சபாரத்தினத்திலை. பத்தொன்பது வருசப் பழக்கம், மணிக்கூட்டுச் சாமான் செய்யிற பக்ரறியிலை ஒரே மேசையிலை வேலை. அவன்ரை மகளும் ஆரணியும் சிநேகிதியள். போன் அடிச்சுக் கிழிச்சன். 'நன்றி கெட்டவனே' எண்டும் சொல்லிப்போட்டன். அவன், 'அண்ணை, நான் வோட்டே போடேல்லை. என்வலப் பிறிஜ்ஜுக்கு மேலை கிடக்கு. வந்து பாக்கிறியளோ?' எண்டான். 'பொய்' எண்டு போனை வைச்சன். பிறகு காரைநகர் ஆள் ஒருத்தர், அவருக்கும் அடிச்சன். அவர் என்னைவிடக் கூடப் பேசினார். மூண்டாவது ஆளுக்கு நம்பரை அழுத்தேக்கை, குசினி வாசலிலை தவம் வந்து நிண்டவ. கையைத் துவாயிலை துடைச்சுக்கொண்டு சொன்னா:

'சபாரத்தினண்ணையைப் பேசாதேங்கோ. அந்த ஒன்பதிலை ரண்டு என்ரை.'

எனக்கு விளங்கேல்லை. 'எந்த ரண்டு?' எண்டன்.

'ஆரணியை ரண்டு தரம் எழுதினனான்.'

'லிஸ்ற்றை அப்பிடியே போடச் சொன்னனான் எல்லே?'

'சொன்னனீங்கள்.'

'அப்ப ஆரை வெட்டினனீர்?'

'ரண்டு பேரை எழுதிறதெண்டால் ரண்டு பேரை வெட்டவேணும். அந்தச் செத்துப்போன மனுசனை வெட்டத்தான் முதல் பாத்தன். பிறகு பாவமாக் கிடந்தது. அதாலை உங்களையும் கூப்ளரையும் வெட்டினனான்.'

கேட்டியளோ தம்பி? செத்தவனிலை பாவம். முப்பத்திமூண்டு வருசம் தாலி கட்டினவனிலை இல்லை.

நான் கத்தினன். நான் என்ன குறை வைச்சன், குடிக்கிறனோ, அடிக்கிறனோ, ஏன் இப்பிடி எண்டு. அவ கதிரையை இழுத்து இருந்தவ. நான் கத்தி முடியுமட்டும் இருந்தவ. பிறகு, 'அவள் வந்து கேட்டவள்' எண்டா.

'என்னத்தை, வோட்டையோ?'

'இல்லை. ஒரு சனிக்கிழமை வந்தவள். நீங்கள் கூட்டத்துக்குப் போட்டியள். மாமி, ஞாயிற்றுக்கிழமையிலை நீங்கள் வேலைக்கு எப்பிடிப் போறனீங்கள் எண்டு கேட்டவள்.'

தவம் வேலை செய்யிறது வயோதிபர் இல்லத்திலை. மேட்டிலை, பிரெஞ்சுப் பக்கம் முடியிற இடத்திலை. விடிய ஏழு மணிக்கு வயது போன ஆக்களை எழுப்பிக் குளிக்க வாக்கிற வேலை. ஒண்டைவிட்டு ஒரு ஞாயிறு அவவுக்கு முறை. அது எனக்குத் தெரியும். தெரியாதெண்டு ஆரும் சொல்லேலாது. நான் எழும்பேக்கை ஆள் வீட்டிலை இருக்கமாட்டா, தேத்தண்ணி போத்தலுக்குள்ளை ஊத்தி மேசையிலை இருக்கும்.

'எப்பிடிப் போறனீர்?' எண்டு கேட்டன்.

'நடந்து.'

'அங்கையோ?'

'நாப்பத்தஞ்சு நிமிசம். பனி எண்டால் ஒரு மணித்தியாலம்.'

'எத்தினை காலமா?'

'இருவத்திரண்டு வருசம்' எண்டா. 'ரண்டாயிரத்து மூண்டிலை உங்களுக்குச் சொன்னனான். ஞாயிறு ஒரு நாள்தான் மனுசனுக்கு நித்திரை எண்டனீங்கள்.'

எனக்கு ஞாபகமில்லை தம்பி. பொம்பிளையளுக்கு இப்பிடியான விசயம் எல்லாம் வருசத்தோடை ஞாபகம் இருக்கும். அதோடை, வேலைக்குப் போற மனுசி எப்பிடியோ போவா எண்டுதானே ஒருத்தன் நினைப்பான்? கார் நாங்கள் வைச்சிருக்கேல்லை. பஸ்ஸும் ரெயினும் நிமிசத்துக்கு வாற நாட்டிலை கார் வைச்சிருக்கிறவன் மடையன் எண்டு நான்தான் எல்லாருக்கும் சொல்லுறது. நடந்துதான் போறன் எண்டு சத்தமாச் சொல்லியிருந்தால், நான் பூனையை விட்டிட்டு வேறை ஏதும் எழுதியிருப்பன். சொல்லாமல் இருந்திட்டு வோட்டிலை காட்டினால் அது என்ன நியாயம்?

ஒரு மாதம் நான் கதைக்கேல்லை. சாப்பாடு தருவா, சாப்பிடுவன். சபாரத்தினத்தோடையும் கதையில்லை. அவன் பக்ரறியிலை மேசையை மாத்திக்கொண்டு போட்டான்.

ஆரணி சபைக்குப் போன உடனை பஸ் பிரேரணையைக் கொண்டுவந்தாள். மாசியிலை அது சபையிலை மயிரிழையிலை வெண்டுது. எங்கடை கட்சி விடுமோ? இஞ்சை சபை முடிவெடுத்தாலும், தேவையான அளவு கையெழுத்துச் சேர்த்தால் முழு ஊரும் வோட்டுப் போட்டு அதை உடைக்கலாம். ஹெர் கூப்ளர் என்னட்டைப் படிவம் தந்தார். 'ஹெர் குணா, உம்மடை ஆக்களிட்டை ஒரு பதினைஞ்சு கையெழுத்து. அந்தப் பூனைக் கதை நல்லது, அதையே சொல்லும்' எண்டார்.

படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தனான். வந்திட்டு யோசிச்சன். நான் ஒருத்தர் சொன்ன உடனை நம்புற ஆள் இல்லை. நாப்பத்தஞ்சு நிமிசம் எண்டு மனுசி சொல்லுறா. உண்மையோ, கூட்டிச் சொல்லுறாவோ? அளந்து பாக்கவேணும். அவவின்ரை அடுத்த முறை ஞாயிறு வந்தது. அவ அஞ்சே முக்காலுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்க, நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்னாலை வெளிக்கிட்டன். மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு, ஒரு நூறு யார் விட்டு.

நல்ல பனி. றோட்டிலை ஒரு உயிர் இல்லை. அவ திரும்பிப் பாக்காமல் போறா. பாலத்தடியிலை போய்க் குந்தினவ. என்ன செய்யிறா எண்டு பாத்தால், பையிலையிருந்து ரண்டு இரும்புப் பல்லு வைச்ச ரப்பர் பட்டியை எடுத்துச் சப்பாத்திலை மாட்டுறா. அப்பிடி ஒரு சாமான் எங்கடை வீட்டிலை இருக்கெண்டே எனக்குத் தெரியாது. மாட்டிப்போட்டுக் கம்பியைப் பிடிச்சு எழும்பி, பாலத்திலை கிழவி மாதிரி ஒவ்வொரு அடியா வைச்சுப் போறா. ஊரிலை வேலியாலை பாய்ஞ்சு பள்ளிக்கூடம் போன பொம்பிளை அவ.

நானும் பாலத்திலை கால் வைச்சன். ஒரு அடி, ரண்டாவது அடி, மூண்டாவதுக்கு நான் நிலத்திலை. முதுகு அடிபட்டு மூச்சு வரேல்லை. அவ சத்தம் கேட்டுத் திரும்பினவ. ஆரோ குடிச்ச வெறிகாரன் எண்டு நினைச்சிருப்பா. கிட்ட வந்து முகத்தைப் பாத்தா.

'என்னப்பா இது? இஞ்சை என்ன செய்யிறியள்?'

'அளக்கிறன்' எண்டன்.

அவ சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கமக்கட்டுக்குள்ளை கையைக் குடுத்து ஒரு இழுவையிலை தூக்கி நிப்பாட்டினவ. ஒவ்வொரு நாளும் கிழவரைத் தூக்கிற கை எல்லே. எழுவத்தஞ்சு கிலோ ஆள் நான், சாக்கைத் தூக்கிற மாதிரித் தூக்கினா. என்ரை பின்பக்கத்திலை இருந்த பனியைத் தட்டிவிட்டா. பிறகு மணியைப் பாத்து, 'எனக்கு நேரம் போகுது. திரும்பிப் போறதெண்டால் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. பஸ் எட்டு மணிக்குத்தான்' எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா. நான் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாத்தன். மேட்டிலை ஏறி மறையுமட்டும் பாத்தன். மிச்சத் தூரத்தையும் கணக்குப் பண்ணினால் அறுபத்திரண்டு நிமிசம் வரும். அவ குறைச்சுத்தான் சொல்லியிருக்கிறா.

படிவமோ? வெறும் பேப்பராத்தான் திருப்பிக் குடுத்தன். ஹெர் கூப்ளரிட்டை, எங்கடை சனம் எல்லாம் கலியாணம் ஒண்டுக்கு லண்டன் போட்டுது எண்டு சொன்னன். முழுச் சனமுமோ எண்டு கேட்டார். பெரிய கலியாணம் எண்டன். எண்டாலும் மற்றவை கையெழுத்துச் சேர்த்துப்போட்டினம். ஆனியிலை ஊர் முழுக்க வோட்டு.

அந்த வோட்டுத்தாளிலை பெருக்கல் அடையாளம் மாதிரிப் புள்ளடி போடேலாது தம்பி. ஓம் எண்டால் ஓம் எண்டு, வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொந்தக் கையாலை சொல்லை எழுதவேணும். இருவது வருசமா நான் எழுதின சொல் வேண்டாம்தான். எழுதி எழுதிக் கைக்கே பாடம். தவம் வேலைக்குப் போன நேரம், மேசையிலை தாளை வைச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தன். கட்சி நோட்டீஸ் பக்கத்திலை கிடந்தது. அதிலை எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தவை. எவ்வளவு செலவு, எத்தினை பேர் ஏறுவினம் எண்டு. ஞாயிறு காலமை ஆறு பேர் ஏறுவினமாம். ஆறு பேருக்கு ஒரு பஸ்ஸோ எண்டு கேட்டிருந்தவை. நல்ல கேள்வி. நான்தான் முந்தி அதைக் கேட்டது.

எழுதினன். ஒட்டினன். நானே கொண்டுபோய்ப் பெட்டியிலை போட்டன்.

முடிவு என்னெண்டால், பிரெஞ்சுப் பக்கம் ஓம், ஜெர்மன் பக்கம் வேண்டாம். வழமை மாதிரி. அவங்கள் கூடப் பேர் வந்து போட்டதாலை பஸ் வெண்டுது. எங்கடை வட்டாரத்திலை நூற்றுக்கு அறுபத்தொரு பேர் வேண்டாமெண்டு எழுதியிருக்கினம். தவம் பேப்பரிலை அதை வாசிச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்தவ. 'என்ன எழுதினனீங்கள்?' எண்டு கேட்டவ. 'ரகசிய வாக்கு' எண்டன். அவ தலையை ஆட்டிப்போட்டுப் போயிட்டா. வேண்டாமெண்டு எழுதினன் எண்டுதான் நினைச்சிருக்கிறா. இண்டைக்கு வரைக்கும் அப்பிடித்தான்.

ஏன் சொல்லேல்லையோ? நல்லாக் கேக்கிறியள். இருவது வருசம் ஒரு கொள்கையிலை நிண்ட மனுசன், பாலத்திலை ஒருக்கால் விழுந்ததுக்காகக் கட்சி மாறினான் எண்டு யோகலிங்கம் தோளைக் குலுக்கிறதையும் நான் பாக்கவேணுமோ? அவள் ஆரணி வந்து 'நன்றி மாமா' எண்டு மூக்காலை சொல்லுறதையும் கேக்கவேணுமோ? பஸ்ஸுக்கு இப்ப எல்லாரும் அவளைத்தான் புகழுகினம். பேப்பரிலை படம் வேறை. வோட்டு மாத்தினது ஆர், கையெழுத்தைத் தடுத்தது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இந்தச் சனத்துக்கு நன்றி எண்டது கிடையாது தம்பி.

மார்கழியிலை புது நேர அட்டவணை வந்தது, பஸ் ஓடுது. இண்டைக்கு ஜெனீவாவிலை எங்கடை ஊர் ஆள் ஒருத்தர் செத்த முப்பத்தொண்டாம் நாள் கிரியை. இந்த ரெயினைப் பிடிக்கிறதெண்டால் வெள்ளெனவே ஸ்ரேசனுக்கு வரவேணும். தவத்துக்கும் இண்டைக்கு முறை. ஆறரைக்கு ரண்டு பேரும் வீட்டு முன்னாலை இருக்கிற பஸ் தரிப்பிலை நிண்டனாங்கள். ஸ்ரேசன், பாலம், பிறகு அவவின்ரை மேடு, எல்லாம் ஒரே பஸ். பஸ் வந்து கதவு திறந்தது. உள்ளுக்கை அஞ்சு பேர். எல்லாம் துப்புரவு வேலை, சமையல் வேலை, கிழவரைப் பாக்கிற வேலை செய்யிற சனம். எல்லாரும் தவத்துக்குக் காலமை வணக்கம் சொல்லிச்சினம். ஜெர்மனிலை ரண்டு பேர், பிரெஞ்சிலை மூண்டு பேர்.

நான் படியிலை கால் வைக்காமல் நிண்டிட்டன். ஏனெண்டு கேக்காதேங்கோ. தவம் ஏறித் திரும்பிப் பாத்து, எல்லாருக்கும் கேக்கத் தமிழிலை சொல்லுறா:

'ஏறுங்கோப்பா. வேண்டாமெண்டு எழுதின ஆக்களையும் ஏத்துவான்.'

ஏறினன். அவவுக்குப் பக்கத்திலை இருந்தன். ஸ்ரேசன் வருமட்டும் சொல்லுவமோ எண்டு வாய் வரைக்கும் வந்தது. அதுக்குள்ளை அவ தலையை என்ரை தோளிலை சாய்ச்சு நித்திரையாப் போட்டா.